பால் கொடுக்கவில்லை

என் கோபத்துக்கு என் அத்தைதான் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் கிளியனூர்ப் பக்கம் பிறந்தவள். பிறந்த அன்றைக்கு எனக்குச் சேனை வைத்தது அப்பாவுடைய அக்கா. சேனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சர்க்கரையையோ கற்கண்டையோ கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டு, பிறந்த குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். யார் தடவுகிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அத்தை குழாயடியில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். "அவதான் சர்க்கரையோட ரெடியா நின்னா. நான் என்ன பண்றது?" என்பாள் அம்மா.

இந்தக் குணத்தோடுதான் கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்போது முட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெருவே காத்திருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் அதற்கு முழுக் காரணமும் அவள்தான். நான் பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அதையும் மெதுவாகப் பேசுவாள். உப்பளத்து வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது, உப்புத் தண்ணீர் பட்டுக் காலெல்லாம் வெடித்திருக்கும், அப்போதும் அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் அவளைத் தங்கமானவள் என்றார்கள். சொல்லிவிட்டு, அவளுக்குக் குழந்தை இல்லை என்பதால் நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அவளைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தி வைத்தார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே பின்னால் போய் நின்றுகொள்வாள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் நான் உண்டானேன். அந்த வருஷம் கடலோரத்தில் அனுமந்தைப் பக்கம் போனால் தெரிந்தவர்களைப் பார்த்து என்ன பேசுவதென்றே தெரியாது. எங்கள் பாத்திகளிலும் சேறு ஏறிக் கிடந்தது. அதை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் உப்பு வேலையைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறது என்பதில் எல்லாருக்குமே ஒரு ஆறுதல் இருந்தது.

வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது, நாற்காலியில் சரியாக உட்காரக்கூட முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தேன். ரெட்டைப் பிள்ளைதான் என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அக்காவைக் காணோம். அடுப்பங்கரையில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதோடு வந்து, "அவ வேணாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

என் நல்லதுக்கு யாராவது ஏதாவது சொன்னாலே எனக்கு ஏறிவிடும். போட்ட வளையல்களோடு எழுந்து நின்றேன். "அக்கா போட்டாத்தான் மிச்சப் பேரு போடலாம். இல்லைன்னா இதோட கலைஞ்சு போங்க" என்றேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வளையல் போடும்போதும் அவள் யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்தே நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "சேனையும் அக்காதான் வைக்கணும். என் புள்ளைக்கு அவங்க குணம்தான் வரணும்" என்றேன்.

"உன் குணம் வந்துடக் கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் விஷயம் கலைந்துபோனது. ஆனால் மறுநாள் காலையில் துணி உலர்த்தும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "நேத்து சும்மா வாய்க்கு வந்தத சொன்னியா, நெசமாத்தான் சொன்னியா?" நெசமாத்தான் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியைப் பிழிந்தாள். அந்த வாரமே கடைக்குப் போய்க் கற்கண்டு வாங்கி வந்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தன் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

ரெட்டைப் பிள்ளையா என்று தெரிந்துகொள்ளத்தான் திண்டிவனத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். ஒரு குழந்தைதான். ஸ்கேன் எடுத்தவர் வெகுநேரம் ஒரே இடத்தில் அந்தக் கருவியை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் தண்ணீர் ரொம்ப அதிகமாக இருக்கிறது, உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். தண்ணீர் அதிகம் என்றதும் வீட்டில் எல்லாரும் என் சொம்பைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். புரட்டாசி வெயிலில் நாக்கு வறள உட்கார்ந்திருந்தேன். புதுச்சேரி டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நீ குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்ன பிறகுதான் என் சொம்பு திரும்பி வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஸ்கேன் எடுக்கிற டாக்டர், பிரசவம் பார்க்கிற டாக்டர், பிறந்த குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர், குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா என்று நாலு பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். இங்கே நாலு பேரும் ஒரே படத்தைச் சுற்றித் தலையை வைத்துக்கொண்டு பேசினார்கள். என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு புள்ளைக்கு எதுக்கு நாலு டாக்டரு? ரொம்பப் பெரிய வியாதி போலிருக்குது" என்று என் பக்கம் குனிந்து சொன்னார். பயத்தில் என் கையைப் பிடித்திருந்தார் என்பதால் அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மாதான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "நாம சாப்பிடறது வயித்துக்குப் போறதுக்கு ஒரு குழாய் இருக்குதில்லம்மா, உங்க குழந்தைக்கு அது பாதியில மூடியிருக்கலாம். வயித்துல இருக்கிற குழந்தை சுத்தி இருக்கிற தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும். இதால குடிக்க முடியல போல. அதான் தண்ணி சேர்ந்துக்கிட்டே போகுது." பிறந்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும் என்றார். வாய்வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்ப்பார்களாம். வயிறுவரைக்கும் போய்விட்டால் நல்லது. பாதியில் நின்றுவிட்டால் மறுநாளே ஆபரேஷன் செய்து இணைத்துவிடுவார்கள்.

"இணைச்சுட்டா சாப்பிடுமா?" என்று கேட்டேன்.

"எல்லாக் குழந்தையும் மாதிரி சாப்பிடும். ஆனா இணைக்கிற வரைக்கும் பால் குடுக்கவே கூடாது. குடுத்தா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குள்ள போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாமப் போயிடலாம்."

பிறகு அவர்களுக்குள் ஏற்பாடுகளைப் பேசினார்கள். தண்ணீர் அதிகம் இருப்பதால் வலி முன்னாலேயே வரலாம், மரக்காணத்தில் இருக்க வேண்டாம், எட்டாம் மாதமே இங்கே பக்கத்தில் வந்து தங்கிவிட வேண்டும். பிரசவத்தின்போது யார் யார் உள்ளே நிற்பது, குழாயை யார் விட்டுப் பார்ப்பது, குழந்தையை எந்த வழியாக எந்த வார்டுக்குக் கொண்டுபோவது என்று எல்லாவற்றையும் என் முன்னாலேயே முடிவு செய்தார்கள். இதயத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அதற்கென்று ஒருவரைக் கூப்பிட்டும் பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. கிளம்பும்போது ஆளுக்கொரு முறை சொன்னார்கள். பால் கூடாது. ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது.

அக்காவும் எங்களோடு வந்திருந்தாள். சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பால் குடுக்கக் கூடாது" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் அதைச் சொன்னவள் அவள்தான். பிறந்த குழந்தையைப் பட்டினி போடுவார்களா, இதெல்லாம் எந்த ஊர் வைத்தியம், பேசாமல் இங்கேயே பெற்றுக்கொள்ளலாம் என்று பேச வந்தவர்களிடம், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "டாக்டருங்க நாலு பேரு உக்காந்து சொல்லியிருக்காங்க. பால்னு யாராவது பக்கத்துல வாங்க, நான் பாத்துக்கிறேன்." நான் சந்தோஷத்தில் வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் உப்பளம் மூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு அறை எடுத்து நானும் அக்காவும் போய்த் தங்கினோம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்த அறையில் இருந்த நாட்களில் நான் அழுதேன், கத்தினேன், சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். பிள்ளை பிழைக்குமா என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்டேன். அவள் ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பொழைக்கும்டி" என்பாள்.

டாக்டர்கள் சொன்னபடியே வலி முன்னாலேயே வந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தை அழுத சத்தம் கேட்டது. பெண் குழந்தை என்று சொல்லி என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கணம் காட்டினார்கள். உதட்டில் நுரை நுரையாக எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

குழாய் பாதியில் நின்றுவிட்டது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். மறுநாள் காலையில் ஆபரேஷன். அதுவரைக்கும் குழந்தை வாயில் ஊறுகிற எச்சிலை எடுத்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு சின்னக் குழாயை வைத்திருக்கிறார்கள், தன் எச்சிலைக்கூட அதால் விழுங்க முடியாது என்றார். என்னால் எழுந்து போக முடியாது என்பதால் வீட்டிலிருந்து ஒரு பெண் அவ்வப்போது உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அக்கா போனாள். மத்தியானம் திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றாள். "உன் மூக்குடி. அப்படியே இருக்குது" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. குழந்தையைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவும் குழந்தைகள் டாக்டரும் வேகமாக என் வார்டுக்கு வந்தார்கள். குழந்தைக்குத் திடீரென்று மூச்சுத் திணறுகிறது, உடம்பு நீலம் பாரித்துவிட்டது, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம் என்றார்கள். மத்தியானம்வரை நன்றாக இருந்த குழந்தை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தையல் இழுத்ததில் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"யாராவது பால் குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"உண்மையைச் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தாய்ப்பால், பசும்பால், பவுடர் பால், சங்குல, பஞ்சுல, எப்படியாவது?"

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் டாக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "யாரும் பால் குடுக்கலைங்க. நான்தான் உள்ள போனேன். பால் குடுக்கவே இல்லை. சாமி சத்தியமா சொல்றேன்."

டாக்டர்கள் இரண்டு பேரும் அவர்களுக்குள் பேசினார்கள். பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மேலேயிருந்து எதுவும் போகவில்லை என்றால், உணவுக்குழாயின் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கிறது, அந்த வழியாக வயிற்றிலிருந்து அமிலம்தான் ஏறி நுரையீரலுக்குள் போகிறது. அப்படியென்றால் காலைவரை காத்திருக்க முடியாது, இந்த நிலையிலேயே இப்போதே திறந்து அந்த வழியை மட்டும் அடைக்க வேண்டும், இணைப்பதை அப்புறம் பார்க்கலாம். மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று குழந்தைகள் டாக்டர் சொன்னார். வேறு வழியில்லையே என்றார் டாக்டரம்மா. கையெழுத்துப் போட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அப்போது அக்காவின் பதில்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பால் குடுக்கலை. பால் குடுக்கவே இல்லை. அவள் பொய் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் எப்படிப் பேசுவோம் என்பதும் எனக்குத் தெரியும். காலையில் நாலு இட்லி தின்றவரை மத்தியானம் போய் சாப்பிட்டீங்களா என்று கேட்டால், இன்னும் சாப்பிடலை என்பார். அது பொய்யில்லை. சோறு தின்றால்தான் சாப்பாடு. அதுபோலத்தான் குழந்தைக்குப் பால் என்றால் பால். சங்கில் ஊற்றிப் பசியாற்றுவது. சேனை அந்தக் கணக்கில் வராது. நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி நாக்கில் சேனை. அதை யாரும் கொடுக்கிறோம் என்று சொல்வதே இல்லை. வைக்கிறோம் என்றுதான் சொல்வோம்.

"அக்கா" என்றேன். "சேனை வச்சீங்களா?"

"வச்சேன்" என்றாள் உடனே. எந்தத் தயக்கமும் இல்லை. "நீதானே என்னை வைக்கச் சொன்ன?"

பேனாவை வாங்கிய என் வீட்டுக்காரரின் கை அப்படியே நின்றது. டாக்டரம்மாவுக்கு முதலில் அந்தச் சொல் புரியவில்லை. நான் சொன்னேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பி, எப்போது, எவ்வளவு, என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கற்கண்டைக் கெட்டியாகக் கரைத்து ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப் போயிருக்கிறாள். நர்ஸ் பக்கத்துக் குழந்தையைப் பார்க்கத் திரும்பியபோது, வாயில் இருந்த குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, விரலில் தொட்டு மூன்று முறை தடவியிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கே ஏதோ புரிய ஆரம்பித்தது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நாளைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. ஏதாவது ஒண்ணு ஆகி, சேனைகூட வைக்காத புள்ளையாப் போயிடக் கூடாதுன்னு…"

நான் கத்தினேன். "கொன்னுட்டீங்களே, என் புள்ளையக் கொன்னுட்டீங்களே" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அந்த நேரத்தில் எந்தத் தாயாக இருந்தாலும் கத்தியிருப்பாள். இதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதும் இல்லை, அவள் அதை எதிர்பார்த்ததும் இல்லை.

டாக்டரம்மா மட்டும் கத்தவில்லை. ஓட்டமாகக் குழந்தையிடம் போனார். எச்சில் எடுக்கிற அந்தக் குழாயின் துளைகளைப் பாகு அடைத்துக்கொண்டிருந்ததாம். குழாய் இடம் மாறியும் இருந்ததாம். அதனால் எச்சில் தேங்கி, இனிப்போடு சேர்ந்து நுரையீரலுக்குள் போயிருக்கிறது. எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து புதுக் குழாய் வைத்தார்கள். அன்றைக்குத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தாங்கியிருக்காது என்று குழந்தைகள் டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். நெஞ்சில் இருக்கிற சளி குறையட்டும், மருந்து போடுவோம், காத்திருப்போம் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "நாலு பேர் உட்கார்ந்து எல்லாத்தையும் பேசினோம்மா. பால்னு சொன்னோம். வாயில எதுவுமே வைக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லத் தோணல. அவங்க நாங்க சொன்னதை மீறல." அவர் இதை அக்காவிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வார்டில் இல்லை. வெளியே வராந்தாவில் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். அண்ணி இனிமேல் பிள்ளையைத் தொட வேண்டாம், ஊரில் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று ஒரு பேச்சை எடுத்தார். குழந்தை இல்லாதவள் கை பட்டதால் என்கிற மாதிரி. எனக்கு அக்கா மேல் கோபம் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியாத அளவுக்கு இருந்தது. ஆனால் அது வேறு கோபம். "தப்புப் பண்ணது அவங்க கையில இருந்த கற்கண்டு. கை இல்லை. இன்னொரு தபா இப்படிப் பேசினீங்கன்னா நீங்க ஊருக்குப் போங்க, அவங்க இருக்கட்டும்" என்றேன். அக்கா அங்கேயே இருந்தாள். என் துணியைத் துவைத்தாள், கஞ்சி கொண்டுவந்தாள், தலை வாரிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. குழந்தையின் வார்டுப் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை.

குழந்தைக்கு மூச்சு சீரான பிறகு ஆபரேஷன் நடந்தது. காலையில் கொண்டுபோனவர்கள் மத்தியானம் தாண்டியும் வெளியே வரவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வந்து முகமூடியை இறக்கிவிட்டு, இரண்டு முனையும் எட்டிவிட்டது, இணைத்துவிட்டேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் இணைத்த இடம் ஆறுமா, கசியுமா என்பது சில நாள் போனால்தான் தெரியும். அதுவரைக்கும் மூக்குவழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை அதில் இறக்கினார்கள். பால் வயிற்றுக்குப் போனது. ஆனால் என் மகள் அதை விழுங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் எதையுமே விழுங்கியதில்லை. விழுங்குவாளா என்பதுதான் மிச்சம் இருந்த கேள்வி.

பிறகு ஒருநாள் மருந்தை உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கசிவு இல்லை. இன்றைக்கு வாயில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

நான் வராந்தாவுக்கு வந்தேன். அக்கா எழுந்து நின்றாள். "இன்னைக்கு வாயில குடுக்கப் போறாங்க. உள்ள வாங்கக்கா" என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசியது அதுதான்.

"வேணாம்டி" என்றாள். "நீ போயி குடு. நான் இங்கயே நிக்கிறேன்."

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வார்டின் கண்ணாடிக் கதவுவரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காமல், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நர்ஸ் குழந்தையை என் மடியில் வைத்து, தலையைச் சற்று நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். சங்கில் கொஞ்சமாகப் பால். உதட்டில் வைத்துச் சாய்த்தேன். பால் வாய்க்குள் போனது. குழந்தை முகத்தைச் சுருக்கிக்கொண்டு அதை வைத்துக்கொண்டே இருந்தது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. கடைவாயில் ஒரு கோடு வழிந்தது. டாக்டரம்மா குனிந்து நின்றார். இருமல் வரும், நுரை வரும், நீலம் பாரிக்கும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அப்போது அந்தச் சின்னக் கழுத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. வாயைத் திறந்து பார்த்தார்கள். பால் இல்லை.

"எறங்குச்சா?" என்று வெளியிலிருந்து அக்கா கேட்டாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. குழந்தையின் கடைவாயைத் துடைத்தேன். உள்ளே யாருமே பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். யார் என்ன சொன்னாலும் முகம் சுளிக்காதவள், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

"எறங்கிடுச்சுக்கா!" என்று கத்தினேன். "எறங்கிடுச்சு, எறங்கிடுச்சு! உள்ள வா!"

வார்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. நர்ஸ் என்னைத் திட்டினார். அவளை வா என்று ஒருமையில் கூப்பிட்டது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அக்கா உள்ளே வந்தாள். முதலில் மூலையில் இருந்த தொட்டிக்குப் போய், முழங்கைவரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். போதும்மா என்று நர்ஸ் சொல்கிறவரைக்கும் கழுவினாள். பிறகு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்து, தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அக்கா ஒரு விரலை நீட்டி, அந்தத் தொண்டையின் மேல் மெதுவாக வைத்தாள். நான் அடுத்த மடக்கைக் கொடுத்தேன். மூன்று பேரும் காத்திருந்தோம்.

"போகுதுடி" என்றாள் அக்கா. "விரலுக்குத் தெரியுது."